ஹேக்கர் டைப்பர்: வீட்டில் விளையாட விடலாமா?

15 ஜூன் 2024, இரவு 9.20. வந்த கேள்வி

தங்கை மகன் லீவுக்கு வந்திருக்கிறான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் சரசரவென்று ஓடுகின்றன. கீபோர்டை இரண்டு கையாலும் தட்டுகிறான், கடைசியில் 'அக்சஸ் கிராண்டட்' என்று ஒரு பெட்டி வருகிறது. ஹேக்கர் டைப்பர் என்று ஏதோ தளமாம். என் கணினியில்தான் இதெல்லாம் நடக்கிறது. வைரஸ் வருமா? விளையாட்டுதானே என்று விட்டுவிடலாமா?

15 ஜூன் 2024, இரவு 10.05

வராது, விட்டுவிடுங்கள். நான் ஒரு பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் முதலாமாண்டுப் பசங்கள் வந்த முதல் வாரத்தில் இந்தத் தளம் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போகும்.

சிமோனே மசியேரோ என்பவர் 2011இல் செய்தது. உள்ளே ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான் இருக்கிறது. நீங்கள் 'அ' அடித்தாலும் 'ஃ' அடித்தாலும் அதைக் கண்டுகொள்ளாது. ஒரு விசை விழுந்ததா, அந்த ஃபைலில் அடுத்த இரண்டு மூன்று எழுத்துகளை எடுத்துத் திரையில் வைக்கும். பேக்ஸ்பேஸ் அடித்தால் அதே அளவு பின்னால் போகும். முழங்கையால் தட்டினாலும் பிழையில்லாத நிரல் வரும். இவ்வளவும் பிரவுசரின் ஒரு டேபுக்குள்ளேயே நடக்கிறது. டேபை மூடினால் ஒன்றும் மிச்சமில்லை.

யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத விளையாட்டு.

16 ஜூன் 2024, காலை 7.15

ஒன்று விட்டுப்போனது. ஹேக்கர் டைப்பர் என்ற பெயரைப் போலவே பெயர் வைத்து நிறைய தளங்கள் இருக்கின்றன. 'ஃபைலை டவுன்லோட் செய்யுங்கள்' என்று ஏதாவது தளம் கேட்டாலோ, 'நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கொடுங்கள்' என்றாலோ, 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, அப்புறம் கன்ட்ரோல் வி அழுத்துங்கள்' என்றாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். அந்தக் கடைசி வகை விளையாட்டே இல்லை. அவர்களுடைய கட்டளையை உங்கள் கையாலேயே உங்கள் கணினியில் ஓடவைக்கும் வேலை அது. தட்டினால் எழுத்து வரும், அவ்வளவுதான் என்கிற தளம் மட்டும் போதும்.

16 ஜூன் 2024, காலை 11.40

அந்தப் பெட்டி எப்படி வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆல்ட் விசையை மூன்று முறை அழுத்தினால் 'அக்சஸ் கிராண்டட்', கேப்ஸ் லாக்கை மூன்று முறை அழுத்தினால் 'அக்சஸ் டினைட்', எஸ்கேப் அழுத்தினால் பெட்டி மறையும்.

22 ஜூன் 2024, மாலை 6.30

லேபில் நேற்று நடந்தது. ஒரு பையன் தட்டிக்கொண்டிருந்தான், பின்னால் நான்கு பேர் நின்று பார்த்தார்கள். திட்டத்தான் போனேன். போன இடத்தில், "அது என்ன கோடுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சரி, முதல் வரியிலிருந்து படிக்கலாம் என்று உட்கார்ந்தோம்.

'ஸ்ட்ரக்ட் குரூப் இன்ஃபோ' என்று தொடங்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் குரூப்ஸ்.சி என்ற ஃபைல் அது, நிஜமான நிரல். ஒரு பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியலை வைத்திருப்பது, அதை வரிசைப்படுத்துவது, இந்தக் குழுவில் இவர் இருக்கிறாரா என்று தேடுவது, இவைதான் அதன் வேலை. ஒரு ஃபைலை யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்ற முடிவுக்கு அடியில் கிடக்கிற வேலை. பூட்டை உடைப்பதுபோல் நடிக்கிற பசங்கள் தட்டிக்கொண்டிருந்தது பூட்டின் உள்பாகத்தை!

பழைய வடிவத்தில் வரிசைப்படுத்தும் இடத்துக்கு மேலே 'எளிய ஷெல் சார்ட்' என்றும், தேடும் இடத்துக்கு மேலே 'எளிய பைனரி சர்ச்' என்றும் குறிப்பு எழுதியிருக்கும். இரண்டுமே பசங்களின் சிலபஸில் இருப்பவை. பைனரி சர்ச்சைப் போர்டில் மூன்று முறை நடத்தியும் புரியாத ஒரு பெண், பச்சை எழுத்தில் அந்த ஏழெட்டு வரியைப் பார்த்துவிட்டு, "மேம், இது நம்ம நோட்ல இருக்கறதுதானே?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் தளத்தின் மீது எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

30 ஜூன் 2024, இரவு 11.10

ஃபேக் அப்டேட் தளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்பியில் தொடங்கி விண்டோஸ் 10, மேக் வரை அப்டேட் திரையை அப்படியே காட்டும். எஃப்11 அழுத்தினால் திரை முழுக்க அதுதான். உட்கார்ந்தவர் பொறுமையிழந்து எண்டர் தட்டினால், விண்டோஸ் செயலிழந்து நின்றால் வருமே, அந்த நீலத் திரை வரும்.

இதற்கும் 'தீங்கில்லை' என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுதும்போதே 2007 ஞாபகம் வந்து, மூன்று நாளாக இந்தப் பதிலை நிறுத்திவைத்திருந்தேன். சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒரு டிடிபி சென்டரில் வேலை. கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து மடல், நோட்டீஸ். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், கோரல் டிரா. ஓனரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். விண்டோஸுக்கான கருவிகள் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் மார்க் ருசினோவிச் எழுதிய நீலத் திரை ஸ்கிரீன்சேவர் ஒன்று அந்தக் காலத்தில் பிரபலம். இப்போதைய தளங்களைவிட அது நுணுக்கமாக இருக்கும். நீலத் திரை வரும், கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆவதுபோல் காட்டும், மறுபடியும் நீலத் திரை. மவுஸை அசைத்தால் போதும், எல்லாம் மறைந்து பழைய திரை வந்துவிடும். அதை அண்ணாச்சி மெஷினில் போட்டுவிட்டு, மறுநாள் ஊரில் கொடை என்று லீவு எடுத்துப் போய்விட்டேன்.

அவர் மவுஸை அசைக்கவே இல்லை. வைகாசி முகூர்த்த நேரம். கெட்டுப்போன மெஷினில் கை வைத்தால் இன்னும் கெட்டுவிடும் என்று பயந்து பிளக்கைப் பிடுங்கி, சிபியுவைத் துண்டில் சுற்றி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் வைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார். "பழைய மெஷின் அண்ணாச்சி, எதுக்கும் ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இவரும் சரி என்றுவிட்டார். பதினோரு பத்திரிகைகள், புரூஃப் பார்த்து முடித்தவை, மை டாக்குமென்ட்ஸில் இருந்தன. சி டிரைவ், ஃபார்மட்டில் அழிவது அதுதான்.

திரும்பி வந்தபோது அவர் பழைய புரூஃப் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டிருந்தார். 'நிகழும் மங்களகரமான' என்று திரையில் இருந்தது. நான் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து மீதியை அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு ராத்திரி ஆனது. என்னால்தான் என்று சொல்லவில்லை.

1 ஜூலை 2024, காலை 6.50

ஆமாம், பிறகு சொன்னேன். 2010இல் என் கல்யாணப் பத்திரிகையை அவரிடமே அடிக்கக் கொடுக்கப் போனபோது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ஃபார்மட்டுக்குக் குடுத்த முந்நூறு ரூபாயாவது மிஞ்சியிருக்கும்மா" என்றார். காசு வாங்காமல் பத்திரிகை அடித்துக் கொடுத்தார். அது இன்னும் உறுத்துகிறது.

15ஆம் தேதி நான் எழுதிய கடைசி வரியை அழிக்காமல் விட்டுவைக்கிறேன். ஆனால் அதில் ஒரு திருத்தம் வேண்டும். திரையில் வந்தது பொய், அதைப் பார்த்துவிட்டு அவர் செய்த ஃபார்மட் நிஜம். பக்கத்தில் நின்று சிரிக்க ஆள் இருந்தால்தான் அது விளையாட்டு. போட்டுவிட்டு ஊருக்குப் போனால் அதற்குப் பெயர் வேறு.

20 ஜூலை 2024, இரவு 11.20

நேற்று உலகம் முழுக்க நீலத் திரை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி போன் செய்தான். அவன் பக்கத்து இருக்கைக்காரர் போன மாதம்தான் இவனுக்கு ஃபேக் அப்டேட் போட்டுவிட்டிருந்தாராம். அதனால் நேற்று நீலத் திரையைப் பார்த்ததும், "உன் வேலையா?" என்று சிரித்துக்கொண்டே எஃப்11 அழுத்தியிருக்கிறான். போகவில்லை. எஸ்கேப். போகவில்லை. திரையில் சிஎஸ்ஏஜென்ட்.சிஸ் என்று கிரவுட்ஸ்ட்ரைக் ஃபைலின் பெயர் எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்த வரிசை முழுக்க நீலம்.

எது நிஜம், எது பொய் என்று கண்டுபிடிக்க லேபில் நாங்கள் செய்வது ஒன்று உண்டு. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். கீபோர்டில் அந்தச் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, நீங்கள் பார்ப்பது வெறும் படம். நிஜமாகவே விழுந்த மெஷினில் அந்த விளக்கு அப்படியே நிற்கும். பொய்த் திரையில் மவுஸ் முள்ளையும் மறைத்துவிட முடியும், ஆனால் ஒரு இணையப் பக்கத்தால் கேப்ஸ் லாக் விளக்கைத் தடுக்க முடியாது.

21 ஜூலை 2024, காலை 9.00

லினக்ஸில் இப்படி ஏதும் இல்லையா என்றால், நிறைய உண்டு. டஸ்டின் கிர்க்லண்ட் எழுதிய 'ஹாலிவுட்' என்ற நிரல், கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையைப் பல துண்டாக்கி எல்லாவற்றிலும் எதையாவது ஓடவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் ராக்கெட் ஏவுதளம் மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்தது 'எஸ்எல்'. ஜப்பான்காரர் தொயோதா மசாஷி 1993இல் எழுதியது. ஃபைல் பட்டியலைப் பார்க்க 'எல்எஸ்' அடிக்க வேண்டும். அவசரத்தில் எழுத்தை மாற்றி 'எஸ்எல்' அடித்தால், எழுத்துகளாலேயே வரைந்த ஒரு நீராவி ரயில் புகை விட்டுக்கொண்டு வலமிருந்து இடமாகத் திரையைக் கடந்து போகும். கன்ட்ரோல் சி அழுத்தினாலும் நிற்காது. போய் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். சில நொடிகள், அப்புறம் பழைய இடத்திலேயே இருப்பீர்கள். லேபில் எல்லா லினக்ஸ் மெஷினிலும் போட்டிருக்கிறேன். முதல்முறை பார்க்கிற பசங்கள் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

17 ஆகஸ்ட் 2024, இரவு 10.45

இரண்டு நாளாக மனசு சரியில்லை.

சுதந்திர தினத்தன்று என் மகன் வீட்டில் இருந்தான், ஒன்பதாவது படிக்கிறான். என் மாமனார் தபால் துறையில் ஓய்வு பெற்றவர், எழுபத்து மூன்று வயது. அவருடைய லேப்டாப்பில் ஹேக்கர் டைப்பரைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, பச்சைப் பெட்டி வந்ததும், "தாத்தா, உங்க பென்ஷன் அக்கவுண்டுக்குள்ள போயிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். அவர் ஏதோ கேட்கத் தொடங்கும்போது வெளியே பசங்கள் கூப்பிட, பேட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். சாயங்காலம் வந்தவனுக்கு அந்த நினைப்பே இல்லை.

மாமா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சரியாகச் சாப்பிடவில்லை, வெயிலால் என்று நினைத்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கே பாஸ்புக்கை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பாங்கு வாசலில் போய் நின்றிருக்கிறார். திறந்ததும் என்ட்ரி போட்டுப் பார்த்து, பைசா குறையவில்லை என்று தெரிந்த பிறகும், ஏடிஎம் கார்டை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னது: "புள்ளை பேர் வெளியே வந்துடக் கூடாதுன்னுதான்மா பாங்குல எப்படின்னு சொல்லலை."

பேரன் திருடிவிட்டான் என்றே அந்த இரவு முழுக்க நம்பியிருக்கிறார். நம்பியும் அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வழி தேடியிருக்கிறார்.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னதும் அழுதுவிட்டான். தாத்தா காலடியில் உட்கார்ந்து, தட்டிக் காட்டி, இது வெறும் எழுத்து என்று விளக்கினான். அவர் அவன் தலையைத் தடவினார். ஆனால் அந்தத் திரையை அவர் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூனில் கேள்வி கேட்டவருக்கு: தளத்தைப் பற்றி நான் சொன்னது எல்லாம் இப்போதும் சரிதான். ஆனால் நான் பதில் சொன்னது தளத்துக்கு மட்டும். உங்கள் தங்கை மகன் தட்டும்போது வாயால் என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். 'பாருங்க, எவ்வளவு வேகமா அடிக்கிறேன்' என்பதும் 'உங்க அக்கவுண்டுக்குள்ள போயிட்டேன்' என்பதும் ஒன்றல்ல.

25 ஆகஸ்ட் 2024, மாலை 5.15

மாமா தானாகவே கேட்டார், "அந்தப் பச்சை எழுத்தைக் காட்டும்மா" என்று. பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதையும் தொடவில்லை, அவரையே தட்டச் சொன்னேன். தந்தி அனுப்பிய விரல்கள். முதலில் ஒரு எழுத்து பார்த்து அடித்தார், திரையில் வேறு ஏதோ வந்தது. மறுபடி அதையே அடித்தார், அப்போதும் வேறு வந்தது. நிறுத்திவிட்டு, "நான் அடிக்கறது இது இல்லையே" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தார். ஆல்ட்டை மூன்று முறை அழுத்தச் சொன்னேன். அந்தப் பெட்டி வந்ததும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். எஸ்கேப் அழுத்தினார், போயிற்று. மறுபடி வரவைத்தார், மறுபடி போகவைத்தார். எட்டு ஒன்பது தடவை இருக்கும்.

அப்புறம் ஃபேக் அப்டேட். எஃப்11 அழுத்தித் திரை முழுக்க ஆக்குவது, திரும்ப வெளியே வருவது. "திரை முழுக்க வந்துட்டா கம்ப்யூட்டர் முழுக்கன்னு அர்த்தம் இல்ல, அப்படித்தானே?" என்றார். பத்து வருடமாக லேபில் இருக்கிறேன், இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் சொன்னதில்லை. கேப்ஸ் லாக் விளக்கையும் சொல்லிக் கொடுத்தேன்.

26 ஆகஸ்ட் 2024, காலை 7.30

'ஆபீஸ்களில் சொல்லாமல் போலி மெயில் அனுப்பிச் சோதிக்கிறார்களே, அதுபோல் பெரியவர்களுக்கும் திடீரென்று செய்து பழக்கினால் என்ன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். இப்போது மாட்டேன். ஆபீஸில் ஏமாந்தால் ஒரு பயிற்சி வகுப்போடு போகும். வீட்டில் ஏமாந்தவர் அடுத்த தடவை நிஜமாகவே ஏதாவது நடந்தால் நம்மிடம் சொல்ல வெட்கப்படுவார், மறைத்துவிடுவார். அதுதான் பெரிய இழப்பு. கூட உட்கார்ந்து காட்டினால் போதும்.

28 அக்டோபர் 2024, இரவு 9.00

நேற்று வானொலியில் பிரதமர் டிஜிட்டல் கைது மோசடியைப் பற்றிப் பேசினார், போலீஸ் மாதிரி வீடியோ காலில் வந்து மிரட்டிப் பணம் பறிப்பது. 1930 என்ற உதவி எண்ணையும் சொன்னார். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணுக்குச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

இந்த இழைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று சத்தத்தோடு திரை முழுக்க வருகிற பக்கங்கள், விளையாட்டுத் தளங்கள் செய்கிற அதே வித்தையைத்தான் செய்கின்றன. இணையப் பக்கம், முழுத் திரை, நிஜம் மாதிரி படம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. நம்பர் இருந்தால் பொய், அவ்வளவுதான். சில பக்கங்கள் எஸ்கேப்பை ஒரு தட்டு தட்டினால் போகாது. குரோமில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் வெளியே வந்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடுங்கள்.

14 நவம்பர் 2024, இரவு 8.35

இன்று மதியம் லேபில் இருக்கும்போது மாமா போன் செய்தார். நவம்பர் ஆயிற்றே, பென்ஷன்காரர்களுக்கு வாழ்நாள் சான்றிதழ் மாதம். அதைத் தேடிப் போய் எதையோ கிளிக் செய்திருக்கிறார். திரை முழுக்கச் சிவப்பு, பீப் பீப் என்று சத்தம், கீழே ஒரு நம்பர்.

"விளக்கைப் பார்த்தேன்மா. கேப்ஸ் லாக் எரிஞ்சுது, அணைஞ்சுது. எஸ்கேப்பைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், சின்னதாயிடுச்சு. மூடிட்டேன். நம்பரை டைரில எழுதி வச்சிருக்கேன், பேசலை."

விளக்கு எரிந்தால் மெஷின் விழவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், வைரஸே இல்லை என்று அர்த்தம் இல்லை என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். மாலை வீட்டுக்குப் போய் ஒருமுறை ஸ்கேன் ஓட்டிப் பார்த்த பிறகு சொன்னேன், ஒன்றும் இல்லை. அவர் அதற்குள் வேறு கணக்கில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பென்ஷனர் சங்கக் கூட்டமாம், நானும் மகனும் லேப்டாப்போடு வர வேண்டுமாம். முதலில் பச்சை எழுத்து, அப்புறம் அப்டேட், கடைசியில் சிவப்பு என்று ஒரு தாளில் வரிசை எழுதி வைத்திருக்கிறார். பச்சை எழுத்துக்கு நேராக மகன் பெயரை எழுதியிருக்கிறார், அவன்தான் தட்டிக் காட்ட வேண்டுமாம்.